பெரிய டயர் போடும் முன்: உயர்த்திய ஜீப் வைத்திருக்கும் புதியவர்களுக்கு

நெல்லைச் சீமையில் ஜீப் வைத்திருப்பவருக்கு ஒரே நாளில் நான்கு வகைத் தரை வாய்த்துவிடும். காலையில் மானூர்ப் பக்கத்துக் கரிசலில் புறப்பட்டு, உச்சிவேளைக்குக் களக்காட்டு அடிவாரத்தின் கல் பாதையில் ஏறி, பொழுது சாயும்போது திசையன்விளைக்கு அப்பால் தேரியின் செம்மணலில் சக்கரம் புதைய நிற்கலாம். இடையில் கன்னடியன் கால்வாய்க் கரை போன்ற வழுக்கும் வண்டல் பாதை ஒன்றையும் கடந்திருப்பீர்கள். அதனால்தான் இங்கே ஜீப் வாங்குகிறவர்கள் முதலில் வண்டியை உயர்த்துகிறார்கள், உயர்த்திய கையோடு பெரிய டயரைத் தேடுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கட்டத்தில் இருப்பவர்களுக்கானது. நீங்களே லிஃப்ட் போட்டிருக்கலாம், அல்லது ஏற்கனவே உயர்த்தப்பட்ட வண்டியை மறுவிலைக்கு வாங்கியிருக்கலாம். எப்படியிருந்தாலும் டயர் கடைக்குள் நுழைவதற்கு முன் வீட்டு முற்றத்திலேயே செய்து முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு.

லிஃப்ட் எதைத் தரும், டயர் எதைத் தரும்

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. சஸ்பென்ஷனில் இரண்டு அங்குலம் உயர்த்தினால் சேஸிஸும் பாடியும் இரண்டு அங்குலம் மேலே போகும். ஆனால் பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முதலில் இடிபடுவது பெரும்பாலும் அந்த உருண்டைதான். அதை உயர்த்த டயர் ஒன்றினால்தான் முடியும், அதுவும் டயரின் மொத்த உயரம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதி மட்டுமே. உயரம் 60 மி.மீ. கூடினால் அச்சு 30 மி.மீ. ஏறும். உயர்த்திய பிறகும் கரும்பாறையில் அடி தட்டுகிறது என்று குறைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்காதவர்கள்.

அடுத்ததாக, உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை லிஃப்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் நீளமானவையாக மாற்றப்பட்டிருக்கலாம். பழைய ஸ்பிரிங்குக்கு மேலோ கீழோ ஒரு ஸ்பேசர் மட்டும் சொருகப்பட்டிருக்கலாம். பழைய பட்டை ஸ்பிரிங் ஜீப்களில் கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கப்பட்டிருக்கலாம், அல்லது ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) நீட்டப்பட்டிருக்கலாம். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்துப் பாடியை மட்டும் தூக்கியிருக்கவும் கூடும். மறுவிலை வண்டி என்றால் விற்றவர் வாய்ச்சொல்லை நம்பாமல் அடியில் படுத்துப் பாருங்கள். பார்க்கும்போது பிரேக் ஹோஸ்களின் நீளத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஹோஸ் விறைத்து நிற்கிறது என்றால், டயர் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் ஹோஸை மாற்ற வேண்டும். முன்பக்கம் சுயேச்சை சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால், லிஃப்ட் ஏற்கனவே அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள். அதன் மேல் கனமான டயரை ஏற்றுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

ஓட்டும்போது ஸ்டீயரிங் தானாக அலைகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாருதி ஜிம்னி போல முன்பக்கமும் ஒரே அச்சாக உள்ள வண்டிகளில், உயர்த்தும்போது அச்சு சற்றே சுழன்று காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்துவிடும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பி வரச் சோம்பல் காட்டும். அச்சை நடுவில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராடும் அச்சை ஒரு பக்கமாகச் சற்று இழுத்திருக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் டயர் போட்டால், பிறகு வரும் கோளாறு டயரால் வந்ததா லிஃப்டால் வந்ததா என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாமல் போகும்.

சட்டம், சுருக்கமாக

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்துள்ளது. ஆகவே டிஎன் 72 ஆனாலும் டிஎன் 76 ஆனாலும், உங்கள் வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்திலேயே தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயரின் கண் முதலில் டயரில்தான் விழும். என்னைக் கேட்டால், உங்கள் மாடலின் உயர்ந்த வகைக்கு உற்பத்தியாளரே கொடுத்திருக்கும் அளவுக்குள் நின்றுகொள்வதே நிம்மதியான வழி. அதற்கு மேல் போகிறவர் என்ன செய்கிறோம் என்று அறிந்தே போக வேண்டும்.

அளவைப் படித்தல்

டயரின் பக்கச் சுவரில் 245/75 ஆர் 16 என்று இருந்தால், 245 என்பது மி.மீ. கணக்கில் அதன் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 16 என்பது டிஸ்கின் (டயர் மாட்டும் உலோகச் சக்கரத்தின்) விட்டம், அங்குலத்தில். மொத்த உயரத்தை நீங்களே கணக்கிடலாம். 245-இல் 75 சதவீதம் 183.75, மேலும் கீழுமாக இரண்டு சுவர் என்பதால் 367.5; அதனோடு 16 அங்குலத்துக்கு உரிய 406.4-ஐக் கூட்டினால் ஏறத்தாழ 774 மி.மீ. வரும். 2020-இல் வந்த மஹிந்திரா தார் வண்டியின் 16 அங்குல டிஸ்க் வகையில் வருவது இந்த அளவுதான். அதன் 18 அங்குல வகையில் வரும் 255/65 ஆர் 18 டயரின் உயரம் ஏறத்தாழ 789 மி.மீ. டிஸ்க் இரண்டு அங்குலம் பெரிதானாலும் டயரின் உயரம் 15 மி.மீ. மட்டுமே கூடியிருப்பதைக் கவனியுங்கள்; அங்கே குறைந்திருப்பது ரப்பர்ச் சுவர். கல் பாதைக்கும் தேரிக்கும் போகிறவருக்கு டிஸ்க் சிறிதாகவும் சுவர் உயரமாகவும் இருப்பதே நல்லது. சுவர் உயரமாக இருந்தால்தான் காற்றைக் குறைக்கும்போது டயர் அகன்று தரையைப் பிடிக்கும்.

இதே 16 அங்குல டிஸ்கில் 265/75 போட்டால் உயரம் 804 மி.மீ.; 33 அங்குல டயர் என்று எல்லோரும் சொல்லும் 285/75 போட்டால் 834 மி.மீ. முதலாவதில் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுகிறது, இரண்டாவதில் ஏறத்தாழ 7.8 சதவீதம். ஜிம்னியில் கம்பெனி தருவது 195/80 ஆர் 15. அதன் உயரம் 693 மி.மீ. அதற்குப் பலரும் ஆசைப்படும் 235/75 ஆர் 15 போட்டால் 40 மி.மீ. கூடும், அது ஏறத்தாழ 6 சதவீதம். சிறிய வண்டியில் சிறிய கூடுதலும் பெரிதாகவே தெரியும்.

இந்தச் சதவீதத்தை ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் வரும் பல தொல்லைகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. 7.8 சதவீதம் கூடிய வண்டியில், பழைய டயரில் உண்மையாக 80 கி.மீ. வேகம் என்று காட்டிய முள் இப்போது அதே 80-ஐக் காட்டும்போது வண்டி 86-இல் போய்க்கொண்டிருக்கும். கிலோமீட்டர் கணக்கும் அதே அளவு குறைத்துக் காட்டும். மைலேஜ் அடியோடு விழுந்துவிட்டது என்று வருந்துவதற்கு முன், மீட்டர் காட்டும் தூரத்தை 1.078-ஆல் பெருக்கிப் பாருங்கள். மைலேஜ் உண்மையிலேயும் குறையத்தான் செய்யும், ஆனால் மீட்டர் சொல்லுகிற அளவுக்கு அல்ல. கியர் கணக்கிலும் இதே சதவீதம் விளையாடும். ஒவ்வொரு கியரும் சற்றே உயர்ந்த கியர் போலாகிவிடுவதால், ஏற்றத்தில் முன்பு இரண்டாவதில் ஏறிய இடத்தில் முதல் கியருக்கு இறங்க வேண்டிவரும்; கிளட்சை மிதித்துச் சமாளிக்கும் பழக்கம் உள்ளவர் விரைவில் கிளட்ச் தட்டு வாங்கக் கடைக்குப் போவார். ஏற்றத்தில் லோ ரேஞ்சை (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் நிலையை) தயங்காமல் பயன்படுத்துங்கள், அதற்காகத்தான் அந்த இரண்டாவது குச்சி இருக்கிறது.

அளவோடு நின்றுவிடாமல் சுவரில் உள்ள மற்ற எழுத்துகளையும் படியுங்கள். அளவுக்குப் பின்னால் வரும் எண் சுமைக் குறியீடு: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120 கிலோ. பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் குறைந்த எண்ணை எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள். அதற்கடுத்த எழுத்து வேகக் குறியீடு. கியூ என்றால் 160 கி.மீ., எஸ் என்றால் 180. நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வழக்கமாக விற்காத அளவுகள் கடையின் பின்னறையில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதுண்டு. தள்ளுபடி விலை சொன்னால் முதலில் அந்த நான்கு இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நம் மண்ணுக்கு எந்தப் பூ

ஏ.டி. எனப்படும் எல்லாத் தரை டயரா, எம்.டி. எனப்படும் சேற்று டயரா என்ற விவாதம் ஓயாதது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசலுக்குள் இறங்கியவருக்கு எம்.டி.யின் அருமை தெரியும்: அகன்ற இடைவெளிகள் உள்ள பூ (டயரில் தரையைத் தொடும் வரிவடிவம்), சுழலும்போதே ஒட்டிய மண்ணை உதறிவிடும், நெருக்கமான பூவோ அரைச் சுற்றிலேயே அடைத்துக்கொண்டு மொட்டை டயராகிவிடும். ஆனால் அதே எம்.டி. தேரி மணலில் கொஞ்சம் அதிகமாக மிதித்தாலும் கிணறு தோண்டும். தார்ச் சாலையில் இரையும். ஈரத் தார்ச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது பிடிப்புக் குறைவாக இருக்கும். உங்கள் ஓட்டத்தில் பத்தில் எட்டுப் பங்கு தார்ச் சாலை என்றால், ஏ.டி. போதும் என்பதே என் முடிவு. கரிசலில் மழை நாளில் இறங்காமல் இருப்பது எம்.டி. வாங்குவதை விட மலிவான தீர்வு.

இந்த ஊரில் பூவை விடப் பக்கச் சுவர் முக்கியம். உடங்காட்டு வழியாகப் போகும் பாதைகளில் வெட்டிப் போட்ட உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் கிடக்கும். பனங்காட்டில் மட்டைக் கருக்கு வாள் போல நீட்டிக்கொண்டிருக்கும். பூவில் ஏறும் முள்ளைப் பஞ்சர் பிளக் வைத்து அடைத்துவிடலாம், சுவரில் கிழிந்தால் அடைக்க வழியில்லை. அதனால் சுவரில் அடுக்குகள் கூடிய, எல்.டி. என்று தொடங்கும் வகையைப் பரிசீலியுங்கள். அவை கனமானவை, ஒரு டயருக்கே சில கிலோ கூடலாம் என்பதை மறக்க வேண்டாம். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை. பிரேக் அதை நிறுத்த வேண்டும், ஷாக் அப்சார்பர் அதை அடக்க வேண்டும், பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் வண்டிகளில் கதவுக் கீல் அதைச் சுமக்க வேண்டும்.

வாங்கும்போது ஐந்தாக வாங்குங்கள். நான்கைப் பெரிதாக மாற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவது காசை மிச்சப்படுத்துவது போலத் தோன்றும்; ஆனால் ஃபோர் வீல் டிரைவில் ஒரு சக்கரம் மட்டும் சிறியதாகச் சுழன்றால் முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரன்ஷியலும் திணறும். தேய்மானத்தைச் சமமாக வைக்க, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் சுற்றில் மாற்றி மாற்றிப் போடலாம்.

டிஸ்க்கும் ஆஃப்செட்டும்

பழைய டிஸ்கிலேயே புதிய டயர் உட்காருமா என்பதை டயர் தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள். ஒவ்வொரு அளவுக்கும் இத்தனை அங்குல அகல டிஸ்க் முதல் இத்தனை வரை என்று குறித்திருப்பார்கள். உட்காரும் என்றால் பழைய டிஸ்க்கே நல்லது. புதிய டிஸ்க் வாங்கத்தான் வேண்டும் என்றால் போல்ட்டுகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், நடுத் துளையின் விட்டம், நட் உட்காரும் இடத்தின் வடிவம் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். ஜிம்னிக்கு 139.7 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட். வேறு வண்டிகளுக்கு வேறு. கூம்பு வடிவ நட்டுக்கு உரிய டிஸ்கில் உருண்டை வடிவ நட்டைப் போட்டு முறுக்கினால் அன்றைக்கு இறுகும், நூறு கிலோமீட்டரில் தளரும்.

ஆஃப்செட் என்பது, டிஸ்கின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். 7 அங்குல அகலமும் 40 மி.மீ. ஆஃப்செட்டும் உள்ள டிஸ்க், ஹப் முகத்திலிருந்து வெளியே 49 மி.மீ.யும் உள்ளே 129 மி.மீ.யும் நீளும். அதை எடுத்துவிட்டு 8 அங்குல அகலமும் 10 மி.மீ. ஆஃப்செட்டும் உள்ளதைப் போட்டால் வெளியே 92, உள்ளே 112 என்றாகும். உட்பக்கம் 17 மி.மீ. இடம் கிடைத்தது, வெளிப்பக்கம் 43 மி.மீ. போயிற்று. உள்ளே கண்ட்ரோல் ஆர்மிலோ சேஸிஸிலோ உரசாமல் தப்பித்த டயர், வெளியே மட்கார்டின் விளிம்பிலும் பம்பரின் மூலையிலும் உரசத் தொடங்கும். போதாக்குறைக்கு, வெளியே தள்ளிய சக்கரம் பேரிங்கின் மேல் நெம்புகோல் போல அழுத்தும், சேற்றைக் கதவு முழுவதும் வாரி இறைக்கும். பார்வைக்கு வண்டி அகன்று கம்பீரமாக நிற்கும் என்பது உண்மைதான். அந்தக் கம்பீரத்துக்கு விலையாக மூன்று விரற்கடை ஆஃப்செட்டைக் கொடுக்க வேண்டியதில்லை.

உரசல்: இந்த வேலையின் மையம்

என் இரண்டாவது ஜீப்புக்கு டயர் வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, “அண்ணாச்சி, ரெண்டு இஞ்ச் தூக்கியாச்சுல்லா, இனி எந்த டயரும் தாராளமா உக்காரும்” என்றார். உட்காரவும் செய்தது. கடைவாசலில் இரண்டு பக்கமும் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துக் காட்டினார், எங்கும் தொடவில்லை. மூன்று வாரம் கழித்து, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கால்வாய்க் கரையில் பள்ளத்துக்குள் இறங்கித் திரும்பியபோது வலது முன் சக்கரத்திலிருந்து தகரம் கிழிவது போல ஒரு சத்தம். மட்கார்டின் உள்ளுறை கிழிந்து, அதன் பின்னால் போன சென்சார் ஒயரையும் டயர் அறுத்திருந்தது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. லிஃப்டால் டயருக்கு இடம் கிடைத்தது என்பது சமதரையில் நிற்கும் வண்டிக்கு மட்டுமே உண்மை என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது சக்கரம் எவ்வளவு மேலே போகும் என்பதை முடிவுசெய்வது ஸ்பிரிங்கின் நீளம் அல்ல, பம்ப் ஸ்டாப் ரப்பர். அந்த ரப்பர் பழையபடியே இருந்தால், இரண்டு அங்குலம் உயர்த்தினாலும் நான்கு அங்குலம் உயர்த்தினாலும், பெரிய பள்ளத்தில் சக்கரம் முன்பு ஏறிய அதே இடம் வரை ஏறும். இப்போது அங்கே ஏறுவது பெரிய டயர். பாடியை மட்டும் தூக்கிய லிஃப்டில் நிலைமை வேறு, ஏனெனில் அதில் மட்கார்டே அச்சிலிருந்து நிரந்தரமாக விலகியிருக்கும்.

ஆகையால் ஐந்து டயரையும் மாட்டிவிட்டுச் சோதிக்காதீர்கள். ஒன்றை மட்டும் டிஸ்கில் ஏற்றி, முன்பக்கம் மாட்டிச் சோதித்துப் பாருங்கள். நல்ல கடை இதற்கு ஒப்புக்கொள்ளும், ஒப்புக்கொள்ளாத கடையை விட்டுவிடலாம். வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஜாக்கியால் தூக்கிய பின் சேஸிஸின் கீழே ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. நட்டுகளை இறுக்கிக் கீழே இறக்கிய பிறகு டயரின் இரண்டு தோள்களிலும் (பூவும் சுவரும் சேரும் ஓரங்களில்) நீர்த்த சுண்ணாம்பைத் தடவுங்கள். ஸ்டீயரிங்கை இடக்கோடி வரை ஒடித்து ஒரு வண்டி நீளம் முன்னும் பின்னும் நகர்த்துங்கள்; வலக்கோடி வரை ஒடித்து அதையே செய்யுங்கள். பின்னோக்கி ஒடிக்கும்போதுதான் பல வண்டிகளில் டயரின் பின்தோள் பாடியின் கீழ் மூலையில் தொடும். சுண்ணாம்பு எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே உரசுகிறது.

இதோடு பாதிச் சோதனைதான் முடிந்தது. அடுத்து அந்தச் சக்கரத்தை முழுதாக அமுக்க வேண்டும். பாலத்துச் சரிவு, வயல் வரப்பு, உறுதியான மரக்கட்டை எதுவானாலும் சரி, புது டயர் மாட்டிய முன் சக்கரத்தையும் அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் உள்ள பின் சக்கரத்தையும் மேட்டில் ஏற்றுங்கள். வண்டி மூலைக்கு மூலை முறுக்கிக்கொள்ளும். மேட்டில் உள்ள சக்கரம் மட்கார்டுக்குள் புகும். உள்ளே ஆட்களை ஏற்றினால் இன்னும் அமுங்கும். அந்த நிலையில் மெதுவாக இருபுறமும் ஒடிக்கச் சொல்லி, நீங்கள் எட்டி நின்று பாருங்கள். இயந்திரம் ஓடும்போது சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் தலையையோ கையையோ நீட்டாதீர்கள். இயந்திரத்தை அணைத்து, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் நெருங்கி அளக்க வேண்டும். நகரும் உறுப்புக்கும் டயருக்கும் இடையில் ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு, ஏனெனில் வேகத்தில் டயரும் புஷ்களும் நின்ற நிலையை விடக் கொஞ்சம் நெளியும்.

உரசுகிறது என்று தெரிந்தால் கத்தியை எடுப்பதற்கு முன் எங்கே உரசுகிறது என்று பார்த்து முடிவுசெய்யுங்கள். பிளாஸ்டிக் உள்ளுறையில் மட்டும் லேசாகத் தொட்டால், ஹீட் கன்னால் சூடாக்கி உள்ளே தள்ளலாம், அல்லது அந்த ஓரத்தை அளவாக நறுக்கலாம். பின்னால் ஒயரோ குழாயோ போகிறதா என்று கழற்றிப் பார்த்த பிறகுதான். ஒடிக்கும்போது கண்ட்ரோல் ஆர்மில் தொட்டால், ஸ்டீயரிங் நிற்கும் போல்ட்டைச் சற்று வெளியே திருகி ஒடிப்பைக் குறைக்கலாம், ஆனால் வண்டி திரும்ப அகலமான இடம் தேவைப்படும். நம் ஊர்த் தெருக்களில் அது சிறிய இழப்பல்ல. அமுங்கும்போது மட்கார்டில் தொட்டால் உரிய மருந்து நீளமான பம்ப் ஸ்டாப். இரும்புத் தகரத்தை வெட்டுவதும் சேஸிஸில் கை வைப்பதும் புதியவரின் வேலையல்ல. அந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் ஓர் அளவு சிறிய டயரை வாங்குங்கள். 285-க்கு வெட்ட வேண்டிய வண்டியில் 265 பெரும்பாலும் வெட்டாமல் ஓடும்.

மாட்டுதல்

சோதனையில் தேறிய பிறகு மாட்டுவது எளிது. ஹப் முகத்திலும் டிஸ்கின் பின்முகத்திலும் உள்ள துருவைக் கம்பிப் பிரஷால் தேய்த்து எடுங்கள். நட்டுகளைக் கையால் திருகி உட்காரவைத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிர் வரிசையில் இறுக்கி, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்குக் கொடுங்கள். காற்றுத் துப்பாக்கியால் அடித்து இறுக்கிய நட், பஞ்சரான இரவில் உங்கள் ஸ்பேனருக்கு அசையாது. 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை, 500-இல் மறுபடி ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

பேலன்சிங் ஐந்துக்கும் செய்ய வேண்டும், அலைன்மென்டும் கட்டாயம். அலைன்மென்ட் காகிதத்தில் டோ மட்டுமல்லாமல் காஸ்டர், கேம்பர் எண்களும் வந்திருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். அப்படியே முகப்பு விளக்கின் வெளிச்சத்தையும் இறக்கி வையுங்கள். உயர்த்திய வண்டியின் வெளிச்சம் எதிரே வரும் பைக்காரரின் கண்ணுக்கு நேராகப் போகிறது என்பதைப் பலர் ஆண்டுக்கணக்கில் அறிவதேயில்லை.

முதல் ஓட்டம்

முதல் ஓட்டத்தை ஆளில்லாத சாலையில், பிரேக் பிடித்துப் பிடித்துப் பழகுவதற்காகவே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்த அதே பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டும். வண்டி நிற்கும் தூரம் கூடும். முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடையே விடும் இடைவெளியை அதற்கேற்பக் கூட்டுங்கள். பின்னர் நாற்கரச் சாலையில் வள்ளியூர் தாண்டி, பணகுடி, காவல்கிணறு வழியாக ஆரல்வாய்மொழி வரை ஒருமுறை போய்வாருங்கள், ஆனால் ஆடிக் காற்றில் வேண்டாம். கணவாய் வழியாகப் பாயும் அந்தக் காற்றைக் காற்றாலைக்காரர்கள் விரும்புவார்கள்; லிஃப்டால் இரண்டு அங்குலமும் டயரால் ஓர் அங்குலத்துக்கு மேலும் உயர்ந்து, எடை மேலேறிய ஜீப் அதை விரும்பாது. பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது லாரியை முந்தி வெளியே வரும் கணத்தில் ஸ்டீயரிங்கில் வரும் இழுப்பை ஒருமுறை அனுபவித்தவர், பிறகு வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்வார்.

காற்றழுத்தம்

கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அழுத்த எண் பழைய டயருக்கானது. புதிய டயருக்கு அதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், எல்.டி. வகைக்கு அதே சுமையைத் தாங்கச் சற்றுக் கூடுதல் வேண்டும். சரியான அளவைக் கண்டுபிடிக்க, பூவின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, நேரான தார்ச் சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. ஒரே சீராக அழிந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேரியில் இறங்கும்போது 18 பி.எஸ்.ஐ. வரை குறைக்கலாம், அப்போதுதான் பெரிய டயருக்குக் கொடுத்த காசு கையில் திரும்பும், ஏனெனில் அந்த அழுத்தத்தில் டயர் நீளவாக்கில் படுத்து மணலின் மேல் மிதக்கும். பீட் லாக் (டயரின் விளிம்பை டிஸ்கோடு இறுகப் பிடிக்கும் வளையம்) இல்லாத டிஸ்கில் 15-க்குக் கீழே போனால், சடாரென்று ஒடிக்கும்போது டயர் டிஸ்கை விட்டு விலகிவிடக்கூடும். மணலில் வேகமும் வேண்டாம், திடீர்த் திருப்பமும் வேண்டாம். தேரியிலும் மலையடிவாரத்திலும் வனத்துறைக்கு உட்பட்ட பகுதிகள் உண்டு. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் ஒரு சக்கரம்கூட வைக்கக் கூடாது. கல் பாதையில் 22 முதல் 25 வரை போதும். அங்கே காற்றை மிகவும் குறைத்தால் சுவர் பிதுங்கிக் கல்லுக்கும் முள்ளுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்ததாகும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. டயர் பெரிதானதால் இயந்திரம் காற்றை இழுக்கும் வாயும் அச்சின் மூச்சுக்குழாயும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் உயர்ந்திருக்கின்றன. அதோடு பெரிய டயர் என்பது பெரிய காற்றுப்பை. ஓடும் நீரில் அது தரையைப் பிடிப்பதற்குப் பதிலாக வண்டியை மிதக்கவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய நாட்களைப் பார்த்தவர்கள், ஆற்றுப்பாலத்தின் மேல் ஓடும் நீரில் எந்த ஜீப்பையும் இறக்கமாட்டார்கள்.

காற்றைக் குறைத்தவர் தார்ச் சாலை ஏறும் இடத்திலேயே நிரப்பிவிட வேண்டும். 18 பி.எஸ்.ஐ.யில் 80 கி.மீ. வேகத்தில் போனால் சுவர் சூடேறி உள்ளிருந்தே உரியும். சாத்தான்குளத்தில் குறைத்த காற்றைப் பாளையங்கோட்டையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பக் கூடாது. பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். இவ்வளவு பெரிய டயர் ஒன்றை அது நிரப்பப் பல நிமிடம் எடுக்கும், நடுவில் சூடானால் ஆறவிட வேண்டும். அதனோடு பிரஷர் கேஜ், பிளக் பெட்டி, டார்க் ரெஞ்ச், புதிய டயரின் உயரத்துக்குத் தூக்கும் ஜாக்கி ஆகியவையும் இருக்க வேண்டும். கம்பெனி கொடுத்த ஜாக்கியை முற்றத்திலேயே ஒருமுறை வைத்து, அது முழுதாக ஏறிய பிறகு பெரிய சக்கரம் தரையை விட்டுக் கிளம்புகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கிளம்பாது, அடியில் வைக்க ஒரு தடித்த மரப்பலகையை இன்றே அறுத்து வண்டியில் போட்டுவிடுங்கள்.